மரபு மரத்தில் இல்லை: ஜாஸ் இசையும் மின் பேஸ் கித்தாரும்

கருவியைக் கொண்டு கலையை அளப்பவர் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். கலைஞன் என்ன இசைத்தான் என்று கேட்கும் முன்னரே, எதை வைத்து இசைத்தான் என்று கேட்பவர் அவர்கள். அமெரிக்க நாட்டிலே தோன்றி உலகெங்கும் பரவிய ஜாஸ் இசையில், இத்தகையோர் தொடுத்த வழக்கொன்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. குற்றவாளிக் கூண்டில் நிற்பது மின் பேஸ் கித்தார். அதன்மேல் சாட்டப்படும் குற்றம் ஒன்றே: ‘இது ஜாஸ் கருவியன்று.’

இவ்வழக்கு இசைவாணர் சிலரின் தனிப் பூசல் என்று ஒதுக்கத்தக்கதன்று. மரபு எது, மரபின் புறத்தோற்றம் எது என்னும் பெருவினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. மொழியையும் கலையையும் கற்பிக்கும் ஆசிரியரும், அவரிடம் பயிலும் மாணவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவே அது. எனவே முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சாட்டப்பட்ட குற்றம் பொய். ஜாஸின் மரபு மரப்பெட்டியில் இல்லை. அடித்தளத்தைத் தாங்குபவனின் செவியிலும் விரலிலும் இருக்கின்றது.

பேஸின் கடமை

முதற்கண், ஜாஸ் குழுவில் பேஸ் ஆற்றும் பணி யாது என்பதை அறிதல் வேண்டும். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் மேலே கற்பனை விரித்துப் பறக்கும். பியானோ சுரக்கூட்டுகளை அடுக்கும். மேளம் காலத்தை அளக்கும். இவை அனைத்துக்கும் அடியில், ஓர் ஆவர்த்தனத்தின் நான்கு எண்ணிக்கைக்கும் நான்கு சுரமாக ஒருவன் ஓயாது நடந்துகொண்டிருப்பான். அதனாலேயே அவ்வாசிப்பு ‘நடக்கும் பேஸ்’ எனப் பெயர் பெற்றது. அவன் மேளத்துக்குத் துணைநின்று காலத்தைக் காக்கின்றான். பியானோவுக்குத் துணைநின்று சுரக்கூட்டின் வேரைக் காட்டுகின்றான். தாளத்தையும் சுரத்தையும் இணைக்கும் பாலம் அவனே. அவன் தடுமாறினால் குழு முழுதும் தடுமாறும்.

இக்கடமைதான் மரபு. அதை நிறைவேற்றும் கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1920களின் ஜாஸ் குழுக்களில், டபுள் பேஸ் எனப்படும் ஆளுயர நரம்புக் கருவியோடு டியூபா என்னும் பெரும் பித்தளைக் குழலும் புழங்கியது. வாய் அகன்ற கொம்பின்முன் நின்று வாசித்த அக்கால ஒலிப்பதிவில், டபுள் பேஸின் மெல்லொலி சரிவரப் பதியவில்லை. டியூபாவின் ஒலியோ பதிந்தது. 1925 ஆம் ஆண்டில் ஒலிவாங்கியோடு கூடிய மின் ஒலிப்பதிவு வழக்கிற்கு வந்தபின் நிலை மாறியது. அடுத்த பத்தாண்டுக்குள் டியூபா ஒதுங்கியது. டபுள் பேஸ் அவ்விடத்தை முழுமையாகப் பெற்றது. இன்று ‘மின்சாரம் தீண்டாத தூய கருவி’ என்று போற்றப்படுகின்ற டபுள் பேஸ், இசைத்தட்டில் தன் குரலை நிலைநாட்டியதே மின்சாரத்தின் துணையால் என்பது மறுக்கவியலாத வரலாறு.

பின்னர் 1939 ஆம் ஆண்டில் டியூக் எலிங்டன் குழுவில் ஜிம்மி பிளாண்டன் என்னும் இளைஞர் சேர்ந்தார். வேரைக் காட்டுவதோடு நில்லாமல், டபுள் பேஸைத் தனித்துப் பாடவும் வைத்தார். 1942 ஆம் ஆண்டில் தம் 23 ஆம் வயதிலேயே மறைந்தார். அவர் வாழ்ந்த சிறிது காலத்தில் செய்து காட்டியது, கருவியின் எல்லை கருவியில் இல்லை, கலைஞனிடமே உள்ளது என்பதாகும். அவ்வுண்மையை டபுள் பேஸுக்கு மட்டும் உரிமையாக்கிவிட்டு, அதன் இளைய உடன்பிறப்புக்கு மறுப்பது எவ்வகை நீதி?

1951 இல் பிறந்த கருவி

கலிஃபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். 1951 ஆம் ஆண்டில் அவர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழிவற்ற கெட்டிப் பலகை. அதன்மேல் நான்கு தந்திகள். தந்திகளின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் எழும். ஒலிபெருக்கி அதை ஓசையாக்கும். வீணையில் இருப்பன போன்ற மெட்டுகள் விரற்பலகையில் பதிக்கப்பட்டிருந்தன. விரல் சற்றே விலகினும் சுரம் பிசகாது. ‘பிரிசிஷன்’ என்னும் பெயரே அத்துல்லியத்தைக் குறிப்பது.

மற்றொன்றும் கருதத்தக்கது. அந்நான்கு தந்திகளின் சுருதி, டபுள் பேஸின் நான்கு தந்திகளின் சுருதியேதான். இரண்டிலும் கடைசித் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. டபுள் பேஸின் தந்தி நீளம் 40 அங்குலத்தைக் கடக்கும். பிரிசிஷன் பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். நின்றுகொண்டு அணைத்து வாசித்த கருவி தோளில் தொங்கும் கருவியாயிற்று. சுரம் மாறவில்லை, கடமையும் மாறவில்லை.

‘ராக் இசைக்காரரின் கருவி ஜாஸில் புகுந்துவிட்டது’ என்று குறைகூறுவோர் ஆண்டுக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். ராக் இசை இக்கருவியைத் தன்னுடைமையாக்கிக் கொள்ளுமுன்னரே, ஜாஸ் அதைக் கையில் எடுத்துவிட்டது. லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் 1950களின் தொடக்கத்திலேயே இக்கருவி ஒலித்தது. கித்தார் மேதை வெஸ் மாண்ட்கோமரியின் தமையனாராகிய மாங்க் மாண்ட்கோமரி அக்குழுவில் அதனை வாசித்தார். 1953 ஆம் ஆண்டு ஜூலையில் ட்ரம்பெட் கலைஞர் ஆர்ட் ஃபார்மரின் ஒலிப்பதிவிலும் அவர் அதனை வாசித்துள்ளார். வீட்டில் பிறந்த பிள்ளையை, அடுத்த தெருவில் விளையாடியது என்பதற்காக அயலான் பிள்ளை என்பது அறமாகுமா?

மின்சாரம் பேஸுக்கு மட்டும் தீட்டா?

குற்றம் சாட்டுவோரின் தலையாய வாதம் மின்சாரம் பற்றியது. மின்சாரம் புகுந்தால் ஜாஸின் உயிர் போய்விடும் என்பர். அவ்வாறாயின் வேறு பல கருவிகளையும் அவர்கள் கூண்டில் ஏற்ற வேண்டும். சார்லி கிறிஸ்டியன் 1939 ஆம் ஆண்டில் பென்னி குட்மன் குழுவில் மின் கித்தார் வாசித்தார். ஜாஸ் கித்தாரின் தந்தை என்றே அவரைக் கொண்டாடுகின்றனர். ஜிம்மி ஸ்மித் 1956 முதல் மின் ஆர்கன் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுகள் ஜாஸின் கருவூலங்கள். லயனல் ஹாம்ப்டனின் வைப்ரஃபோனிலும் ஒலியை நடுங்கச் செய்வது மின் மோட்டார்தான். அதை அவர் 1930 ஆம் ஆண்டிலேயே லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து பதிவு செய்தார். இவர்கள் எவரையும் நோக்கி ‘நீர் வாசிப்பது ஜாஸ் அன்று’ என்று அக்கூட்டத்தார் சொல்லத் துணிவதில்லை. பேஸ் ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் தீட்டாயிற்று!

வேடிக்கை அத்தோடு முடியவில்லை. எவரெட் ஹல் என்பவர் 1940களின் பிற்பாதியில் டபுள் பேஸின் அடிமுளைக்குள் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தி, ஒலியைப் பெருக்கும் முறையைக் கண்டார். ‘ஒலி பெருக்கிய முளை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கித் தம் நிறுவனத்துக்கு ‘ஆம்பெக்’ என்று பெயரிட்டார். ஃபெண்டரின் கருவி கடைக்கு வருமுன்னரே டபுள் பேஸ் மின்சாரத்தை நாடிவிட்டது என்பதற்கு அந்நிறுவனத்தின் பெயரே சான்று. பெருங்குழுவின் பித்தளைக் கருவிகளுக்கிடையில் தன் குரல் கேட்கவில்லையே என்னும் ஏக்கம் பேஸ் கலைஞனுக்கு நெடுநாள் இருந்தது. அவ்வேக்கத்துக்கு விடையாகவே ஆம்பெக்கும் வந்தது, ஃபெண்டரும் வந்தார்.

1980களில் இளைய தலைமுறைக் கலைஞர் சிலர் ஜாஸைப் பழைய ஒலிக்கு மீட்கப் புறப்பட்டனர். ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் அவர்தம் முன்னோடி. அவருடைய தம்பி டெல்ஃபேயோ மார்சாலிஸ் தயாரித்த இசைத்தட்டுகளின் உறையில், பேஸின் மர ஒலியைக் காப்பதற்காக அக்கருவியை நேரடியாக மின்கம்பியில் இணைத்துப் பதியும் முறையைத் தவிர்த்ததாகக் குறிப்பு அச்சிடப்பட்டது. அக்குறிப்பின் நோக்கம் தூயது. 1970களின் பதிவுகளில் டபுள் பேஸின் ஒலி ரப்பர் பட்டையின் ஒலிபோல் திரிந்தது மெய்யே. ஆனால் அக்குறிப்பு கடிந்தது எதனை? டபுள் பேஸைத் தவறாகப் பதிந்த முறையையே. மரக்கருவியும் தவறாகக் கையாளப்பட்டால் கெடும் என்பதற்கு மரக்கருவியின் காவலரே எழுதித் தந்த சான்று அது. கெடுப்பது கருவியன்று, கையாளும் முறை.

வலிய வாதங்களும் விடைகளும்

எதிர்ப்பக்கத்தாரிடம் வலிய வாதமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. இரண்டு வாதங்கள் உள்ளன.

முதலாவது, ஒலி நீட்சி பற்றியது. டபுள் பேஸின் தந்தியை விரலால் இழுத்து விட்டால் ஒலி ‘தும்’ என்று எழுந்து விரைவில் அடங்கும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி பிறக்கும். நடக்கும் பேஸின் துள்ளல் அவ்விடைவெளியில்தான் உள்ளது. கெட்டிப் பலகையில் கட்டிய தந்தியோ எளிதில் அடங்காது. சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது மெய். ஆயின் இது கருவியின் குற்றமா, கற்றல் குறையா? இடக்கை விரலைச் சற்றே தளர்த்தினால் தந்தி அடங்கும். வலக்கையின் ஓரத்தைக் குதிரையின் அருகே தந்திமேல் வைத்தாலும் அடங்கும். டபுள் பேஸ் இயல்பாகத் தருவதை மின் பேஸ் கலைஞன் பயிற்சியால் ஈட்ட வேண்டும். அவ்வளவே வேறுபாடு. கற்காமல் வாசித்துவிட்டுக் கருவியைப் பழிப்பது, ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதையாகும்.

இரண்டாவது, வில் பற்றியது. டபுள் பேஸை வில்லால் இழைத்துப் பாட வைக்கலாம்; மின் பேஸில் அது இயலாது. இவ்வாதத்துக்கு மறுப்பு இல்லை. டபுள் பேஸுக்கு உரிய அழகுகள் சில அதற்கே உரியவை. மின் பேஸ் டபுள் பேஸை அகற்றிவிட வேண்டும் என்பது இங்கு வழக்கே அன்று. மைல்ஸ் டேவிஸ் 1969 ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதிந்த ‘பிட்சஸ் ப்ரூ’ இசைத்தட்டில் டேவ் ஹாலண்டின் டபுள் பேஸும் ஹார்வி ப்ரூக்ஸின் மின் பேஸும் அருகருகே ஒலிக்கின்றன. கருவிகள் இரண்டும் பூசலின்றிச் சேர்ந்து இசைத்தன. பூசல் அவற்றைக் கேட்டவர் மனத்தில்தான்.

சான்று கூறும் மூவர்

வாதத்தால் மட்டும் வழக்கு முடிவதில்லை; சான்று வேண்டும். மூவர் சான்று கூறுகின்றனர்.

முதல்வர் பாப் கிரான்ஷா. சாக்ஸபோன் மேதை சோனி ராலின்ஸ் 1962 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ்’ இசைத்தட்டில் டபுள் பேஸ் வாசித்தவர் இவர். பின்னர்க் கார் விபத்தொன்றில் முதுகில் அடிபட்டது. ஆளுயரக் கருவியைச் சுமந்து ஊர் ஊராகச் செல்வதும், மணிக்கணக்கில் அதை அணைத்து நிற்பதும் அரிதாயின. மின் பேஸை எடுத்துக்கொண்டார். தூய்மை பேசியோர் குறைகூறினர்; ராலின்ஸோ அவரைக் கைவிடவில்லை. 2016 ஆம் ஆண்டில் மறைந்த கிரான்ஷா, பல்லாண்டுக் காலம் அம்மேதையின் பின்னே மின் பேஸோடு நின்றார். ஜாஸின் உயர்ந்த செவிகளுள் ஒன்று ராலின்ஸுடையது. அச்செவி ஏற்ற கருவியைப் பிறர் மறுப்பதற்கு என்ன தகுதி உண்டு? கலைஞனின் உடல்நோவையும் பிழைப்பையும் எண்ணாமல் மரத்தின் தூய்மையை மட்டும் எண்ணும் கொள்கையில் ஈரமும் இல்லை, இசையும் இல்லை.

இரண்டாமவர் ஸ்டீவ் ஸ்வாலோ. 1960களில் டபுள் பேஸில் பெரும்புகழ் பெற்றிருந்த இவர், 1970 ஆம் ஆண்டையொட்டி அக்கருவியை முற்றாக விட்டு மின் பேஸுக்கு மாறினார். விபத்தால் அன்று, விருப்பத்தால். விரலால் மீட்டாமல் மீட்டுத்துண்டால் மீட்டினார். பின்னர் ஐந்து தந்திக் கருவியை மேற்கொண்டார். 1988 ஆம் ஆண்டில் பியானோ கலைஞர் கார்லா பிளேயுடன் ‘டூயட்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். அதில் மேளம் இல்லை, குழல் இல்லை. பியானோவும் மின் பேஸும் இரு நண்பர் போல் உரையாடுகின்றன. மின் பேஸ் என்றாலே செவிப்பறை கிழியும் இரைச்சல் என்போர் அவ்வுரையாடலைக் கேட்டபின் பேசட்டும்.

மூன்றாமவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். பிரிசிஷன் பேஸ் பிறந்த அதே 1951 ஆம் ஆண்டில் பிறந்து, ஃபுளோரிடா மாநிலத்தில் வளர்ந்தவர். அவர் தம் ஃபெண்டர் பேஸின் மெட்டுகளைப் பெயர்த்தெடுத்தார், பள்ளங்களை அடைத்தார், படகுகளுக்குப் பூசும் ஈபாக்ஸியை விரற்பலகைமேல் பூசினார். மெட்டு போனதும் சுரத்திலிருந்து சுரத்துக்கு விரல் வழுக்கிச் செல்ல வழி பிறந்தது. டபுள் பேஸில் உள்ள நெளிவும் குழைவும் மின் பேஸுக்கும் வாய்த்தன. 1976 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டு ‘டோனா லீ’ என்னும் உருப்படியோடு தொடங்குகின்றது. அது 1947 ஆம் ஆண்டில் சார்லி பார்க்கர் குழு சாக்ஸபோனிலும் ட்ரம்பெட்டிலும் பறந்து பறந்து வாசித்த கடினமான உருப்படி. பாஸ்டோரியஸ் காங்கோ மேளம் ஒன்றையே துணையாகக் கொண்டு, அதனை மின் பேஸில் வாசித்தார். ஒரு சுரமும் விழுங்கப்படவில்லை. பார்க்கரின் மொழி, புதிய வாயிலிருந்து பிழையின்றி ஒலித்தது. மறு ஆண்டில் ‘வெதர் ரிப்போர்ட்’ குழுவின் ‘ஹெவி வெதர்’ இசைத்தட்டில், மெல்ல நகரும் உருப்படியொன்றில் அதே கருவி மனிதக் குரல்போல் இழைந்து உருகுகின்றது. 1987 ஆம் ஆண்டில் 35 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இவர் மரபை மீறியவரா? ஜாஸ் இலக்கணத்தின் கடினமான பாடத்தை மனனம் செய்து, புதிய கருவியில் ஒப்புவித்தவர் மரபை மீறியவர் ஆகார், மரபுக்கு வாரிசானவர்.

மின் பேஸ் கலைஞருக்கும் ஒரு சொல்

ஒரு பக்கத்தை மட்டும் கடிவது நடுவுநிலை ஆகாது. மின் பேஸுக்கு வந்த அவப்பெயரில் அதனை வாசித்தோரின் பங்கும் உண்டு. பாஸ்டோரியஸுக்குப் பின் வந்தோர் பலர் அவருடைய விரைவைக் கற்றனர்; அவர் கற்ற பார்க்கரைக் கற்கவில்லை. அவருடைய ஒலியைப் போலி செய்தனர்; அவர் பாடகருக்கும் குழலுக்கும் இடம்விட்டு ஒதுங்கி நின்ற அடக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. ஒலிபெருக்கியின் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு, பேஸைக் கித்தார்போல் ஓடவிடுபவன் குழுவின் அடித்தளத்தைக் கைவிடுகின்றான். கூரைமேல் ஏறி நின்று கூவும் தூணால் வீட்டுக்கு என்ன பயன்? தூய்மை பேசுவோர் கருவியில் மயங்குவது போலவே இவர்களும் கருவியில் மயங்குகின்றனர். முன்னவர்க்கு மரம் தெய்வம். பின்னவர்க்கு மின்சாரம் தெய்வம். இசை இருவர்க்கும் இரண்டாம் இடத்தில்.

திண்ணையில் இட்ட விருந்து

இன்று பலர் ‘மின் பேஸும் இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று பெருந்தன்மை காட்டுகின்றனர். அப்பெருந்தன்மையின் அளவைப் பார்த்தல் வேண்டும். அமெரிக்க ஜாஸ் இதழாகிய ‘டவுன்பீட்’ நடத்தும் வாக்கெடுப்பில் பேஸுக்கு ஒரு வரிசையும், மின் பேஸுக்கு வேறொரு வரிசையும் உண்டு. கித்தாருக்கு இப்பிரிவினை இல்லை. மின் கித்தாரும் மரக் கித்தாரும் ஒரே வரிசையில் அமர்கின்றன. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் கென் பர்ன்ஸ் வழங்கிய ‘ஜாஸ்’ ஆவணப்படம் 10 பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ 40 ஆண்டு வரலாறு, அதாவது மின் பேஸ் வளர்ந்து முதிர்ந்த காலம் முழுவதும், கடைசிப் பகுதி ஒன்றனுள் அடைக்கப்பட்டது. விருந்தினரை வாவென்று அழைத்து, திண்ணையில் இலை போட்டுப் பரிமாறுவது போன்றதே இவ்வேற்பு.

இதனால் கெடுவது கருவி மட்டுமன்று; கற்க வரும் இளைஞனும் கெடுகின்றான். அவன் கையில் இருப்பது மின் பேஸ். சார்லி பார்க்கரைக் கற்கவும், டியூக் எலிங்டனைக் கேட்கவும், நான்கு எண்ணிக்கைக்கும் பிசகாமல் நடக்கவும் அவன் ஆர்வத்தோடு வருகின்றான். ‘முதலில் கருவியை மாற்றிவிட்டு வா’ என்று வாசலிலேயே சொன்னால் அவன் திரும்பிப் போவான். அவனோடு அம்மரபின் ஒரு தலைமுறையும் திரும்பிப் போகும். மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு மரபுக்கு வரும் வாரிசை விரட்டுவதினும் பேதைமை வேறில்லை. நல்லாசிரியன் அவனிடம் கேட்க வேண்டியது ‘என்ன கருவி வைத்திருக்கின்றாய்?’ என்பதன்று, ‘என்ன கேட்டிருக்கின்றாய், எவ்வளவு பயின்றிருக்கின்றாய்?’ என்பதே.

தமிழருக்கும் இவ்வழக்கு முற்றிலும் அயலானதன்று. சுவீடன் நாட்டுப் பேஸ் கித்தார் கலைஞர் ஜோனஸ் ஹெல்போர்க், 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்’ இசைத்தட்டில், கடம் வித்துவான் விக்கு விநாயகராமின் மைந்தர் வி. செல்வகணேஷின் கஞ்சிராவோடு சேர்ந்து இசைத்துள்ளார். உடும்புத் தோல் போர்த்த சிறு பறையும் பேஸ் கித்தாரும் எதிரெதிர் அமர்ந்து பேசுவதற்கு எந்தத் தூய்மையும் தடையாகவில்லை. இருவருக்கும் காலம் தெரிந்திருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

டியூபா போய் டபுள் பேஸ் வந்தபோது ஜாஸ் சாகவில்லை, வளர்ந்தது. டபுள் பேஸோடு மின் பேஸும் வந்து நின்றபோதும் அது சாகவில்லை. ஒருநாள் அது சாகுமெனின், செவிகொடுத்துக் கேட்கும் பழக்கம் அழிந்த நாளிலேயே சாகும். மரபின் காவலர் காக்க வேண்டியது அச்செவியை. கருவிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.